ரோலர் கோஸ்டர் செய்பவர்களிடம் கேட்க நினைப்பவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோலர் கோஸ்டரில் ஏறி இறங்கியவரிடம் "எந்த பார்க்?" என்று கேட்டால் உடனே பதில் வரும். "செய்தது யார்?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஆனால் அந்தக் கேள்வி ஒருமுறை மனதில் நுழைந்துவிட்டால் அப்புறம் விடவே விடாது. லூப் (டிரெயின் தலைகீழாகச் சுற்றி வரும் வளையம்) ஏன் முட்டை வடிவத்தில் இருக்கிறது, சக்கரம் எதனால் ஆனது, பிரேக் போனால் என்ன ஆகும், கம்பெனியே மூடிவிட்டால் உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று கிளை விட்டுக்கொண்டே போகும். புதிதாக இந்த ஆர்வம் பிடித்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

கோஸ்டரை பார்க்கே செய்துகொள்கிறதா?

பெரிய கோஸ்டர்களைப் பொறுத்தவரை, இல்லை. உலகத்தில் இதைச் செய்யும் கம்பெனிகள் கொஞ்சம்தான். அவற்றில் பல, வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய சிற்றூர்களில் இருக்கின்றன. பொலிகர் அண்ட் மபியார் (ரசிகர்கள் பி அண்ட் எம் என்பார்கள்) சுவிட்சர்லாந்தின் மான்தே ஊரில் இருக்கிறது. 1988-இல் வால்டர் பொலிகர், க்ளோத் மபியார் என்ற இரண்டு பொறியாளர்கள் தொடங்கியது. இன்டமின் லீக்டன்ஸ்டைனில். வெகோமா நெதர்லாந்தில், 1926-இல் விவசாயக் கருவிகள் செய்யத் தொடங்கிய பட்டறை அது. ஜெர்மனியின் வால்ட்கிர்ஷ் ஊரில் உள்ள மாக் 1780-இல் குதிரை வண்டி செய்யத் தொடங்கிய குடும்பம். தங்கள் ரைடுகளை வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காகவே 1975-இல் யூரோபா பார்க்கைத் திறந்தார்கள், அது இன்று ஐரோப்பாவின் மிகப் பெரிய பார்க்குகளில் ஒன்று. அமெரிக்காவின் ஐடஹோவில் ராக்கி மவுன்டன் கன்ஸ்ட்ரக்ஷன் (ஆர்எம்சி), இத்தாலியில் ஸாம்பெர்லா, ஜெர்மனியில் கெர்ஸ்ட்லாவர் என்று பட்டியல் நீளும், ஆனாலும் ரொம்ப நீளாது.

நம் பக்கத்தில் வொண்டர்லா பல ரைடுகளைக் கொச்சியில் தானே செய்கிறது. ஆனால் 2025 டிசம்பரில் சென்னைக்கு அருகே இள்ளலூரில் பார்க் திறந்தபோது, அதன் பெரிய கோஸ்டரான தண்டோராவுக்கு பி அண்ட் எம்மிடம்தான் போனார்கள். டிராக்குக்கு அடியில் தொங்கியபடி கால்கள் காற்றில் ஆட ஓடும் 'இன்வர்டட்' வகை அது. அந்த வகையை பி அண்ட் எம் முதன்முதலில் செய்தது 1992-இல், சிகாகோவுக்கு அருகில் உள்ள சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அமெரிக்காவில்.

அப்படியென்றால் வடிவமைப்பு, கணக்கு, வெல்டிங் எல்லாமே அந்த ஒரே கம்பெனியா?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. பெயர்ப் பலகையில் ஒரு கம்பெனி இருந்தாலும் பின்னால் பல கைகள் உண்டு. பி அண்ட் எம் கோஸ்டர்களின் எஃகு டிராக் பெரும்பாலும் அமெரிக்காவின் ஓஹையோவில் உள்ள க்ளெர்மான்ட் ஸ்டீல் என்ற பட்டறையில் வளைத்து வெல்டிங் செய்யப்படுகிறது. கணக்கு போடுவதற்கென்றே தனி அலுவலகங்கள் உண்டு. அவற்றில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் வெர்னர் ஸ்டெங்கல். மியூனிக்கில் 1965-இல் அலுவலகம் தொடங்கி, ஐநூறுக்கும் மேற்பட்ட கோஸ்டர்களுக்குக் கணக்கு போட்டவர். ஒன்றுக்கொன்று போட்டியாக இருந்த கம்பெனிகள்கூட அவரிடமே போயின. ரசிகர்கள் கம்பெனிகளுக்கு இடையே சண்டை போடும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தொழிலில் வம்சாவளியும் உண்டு. பொலிகரும் மபியாரும் அதே மான்தே ஊரில் இருந்த ஜியோவனோலா என்ற கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். ஹூபர்ட் கெர்ஸ்ட்லாவர், லூப்புக்குப் பெயர் பெற்ற ஆன்டன் ஷ்வார்ஸ்காஃபிடம் வேலை பார்த்தவர், கம்பெனி நடத்தியதும் ஷ்வார்ஸ்காஃபின் ஊரான மூன்ஸ்டர்ஹௌசனில்தான். குருவிடம் கற்ற கை எங்கே போனாலும் தெரியும்.

பார்த்தவுடனே எந்தக் கம்பெனி என்று சொல்ல முடியுமா?

முடியும், நாலைந்து பழகினால் போதும். டிராக்கைப் பாருங்கள். இரண்டு குழாய்களுக்கு நடுவே பெட்டி போன்ற தடித்த முதுகெலும்பு ஓடினால் பெரும்பாலும் பி அண்ட் எம். குழாய்களை முக்கோணமாகவோ சதுரமாகவோ பின்னிய சட்டம் போல இருந்தால் இன்டமினாக இருக்க வாய்ப்பு அதிகம். மரச் சட்டங்களின் மேல் எஃகுத் தண்டவாளம் ஓடினால் ஆர்எம்சி. கண்ணை மூடினாலும் ஒரு வழி உண்டு: பி அண்ட் எம் டிராக் உள்ளே காலியாக இருப்பதால் டிரெயின் போகும்போது ஒரு கர்ஜனை எழும். அக்கம்பக்கத்தில் வீடுகள் இருக்கும் சில பார்க்குகளில் அந்த டிராக்குக்குள் மணலை நிரப்பிச் சத்தத்தை அடக்கியிருக்கிறார்கள்.

லூப் ஏன் முழு வட்டமாக இல்லை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

1895-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஃப்ளிப் ஃப்ளாப் ரயில்வே என்று ஒன்று இருந்தது. அதன் லூப் சுத்தமான வட்டம். ஏறியவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். காரணத்தைப் பள்ளி இயற்பியலிலேயே கண்டுபிடிக்கலாம். உச்சியில் டிரெயின் டிராக்கை விட்டு விலகாமல் இருக்க ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். அந்த வேகம் உச்சியில் மிஞ்ச வேண்டுமென்றால் அடியில் அதைவிட வெகு வேகமாக நுழைய வேண்டும். கணக்கு போட்டால், வட்டம் பெரிதோ சிறிதோ, அடியில் பயணியின் மேல் குறைந்தது 6 ஜி விழும். 1 ஜி என்பது நம்முடைய சாதாரண எடை. 60 கிலோ ஆளுக்கு அந்த நொடியில் 360 கிலோ. அதுவும் மெல்ல ஏறாமல், நேர்ப்பாதையிலிருந்து வட்டத்தில் நுழைந்த கணத்திலேயே ஓங்கி அடிக்கும்.

இதை ஷ்வார்ஸ்காஃபும் ஸ்டெங்கலும் சேர்ந்து தீர்த்தார்கள். 1976-இல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுன்டன் பார்க்கில் திறந்த ரெவல்யூஷன் கோஸ்டரின் லூப் கண்ணீர்த்துளி வடிவம். அடியில் வளைவு அகலமாகத் தொடங்கும், மேலே போகப் போக இறுகும், உச்சியில் சின்ன வளைவு, திரும்ப இறங்கும்போது மறுபடி அகலும். வேகம் அதிகமாக இருக்கும் இடத்தில் வளைவு மென்மை, வேகம் குறைந்த இடத்தில் வளைவு இறுக்கம். அதனால் அழுத்தம் படிப்படியாக ஏறி இறங்குகிறது. ரயில் பாதையிலும் நெடுஞ்சாலையிலும் நேர்ப்பாதையைத் திருப்பத்தோடு இணைக்க இதே வகை வளைகோட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். க்ளோத்தாய்டு என்று பெயர். அந்த ரெவல்யூஷன் அரை நூற்றாண்டு ஓடியிருக்கிறது.

தலைகீழாகப் போகும்போது டிரெயின் ஏன் விழுவதில்லை?

வேகம் பாதி காரணம், சக்கரம் மீதி. ஒவ்வொரு மூலையிலும் மூன்று வகைச் சக்கரங்கள் தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்திருக்கின்றன: மேலே எடையைத் தாங்குவது, பக்கவாட்டில் வழிகாட்டுவது, அடியில் டிரெயின் எழும்பாமல் பிடிப்பது. அடிச்சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கியவர் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர், 1919-இல். அது வருவதற்கு முன் கோஸ்டர் செய்தவர்கள் செங்குத்தான இறக்கம் வைக்கவே யோசித்தார்கள். மேட்டில் வேகமாக ஏறினால் பெட்டி பறந்துவிடுமே!

காலையில் மெதுவாகப் போன கோஸ்டர் சாயங்காலம் வெறித்தனமாகப் போகிறது. பிரமையா?

பிரமை இல்லை. சக்கரத்தின் மேல் பாலியூரித்தேன் என்ற ரப்பர் போன்ற பொருளின் பூச்சு இருக்கும். குளிரில் அது விறைத்து உருளத் தடை கூடும், பேரிங்கில் உள்ள கிரீஸும் கெட்டியாக இருக்கும். பத்து இருபது சுற்று ஓடிச் சூடான பிறகு எல்லாம் இளகும். குளிர்நாடுகளில் வெப்பநிலை ஓர் அளவுக்குக் கீழே போனால் சில கோஸ்டர்களைத் திறக்கவே மாட்டார்கள், டிரெயின் அடுத்த மேட்டைத் தாண்ட முடியாமல் பள்ளத்தில் நின்றுவிடும்.

பாலியூரித்தேன் மென்மை, அதிர்வை விழுங்கும், சீக்கிரம் தேயும். நைலான் கடினம், வேகம் கொடுக்கும், கூடவே அதிர்வையும் கொடுக்கும். எந்த அச்சில் எதை மாட்டுவது என்பதைக் கம்பெனி சொல்கிறது, அன்றைய வெயிலையும் மழையையும் பார்த்து பார்க்கின் மெக்கானிக்குகள் கலந்து மாட்டுவதும் உண்டு. ஒரே கோஸ்டர் இரண்டு பருவத்தில் இரண்டு விதமாக ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குடல் தொண்டைக்கு வரும் அந்த உணர்வைக் கணக்கு போட்டா வைக்கிறார்கள்?

ஒவ்வொரு மேட்டுக்கும். ஒரு கல்லை எறிந்தால் அது காற்றில் எந்த வளைவில் போகுமோ, மேட்டின் வடிவத்தை அதே வளைவில் வைத்தால் பயணிக்கு எடையே இருக்காது. மேட்டை அதைவிடத் தட்டையாக்கினால் லேசாக மிதப்பது போல இருக்கும். அதைவிடக் கூர்மையாக்கினால் இருக்கையிலிருந்து பிடுங்கி எறிவது போல இருக்கும், அப்போது தொடையை அழுத்தும் லாப் பார்தான் ஆளைப் பிடித்து வைக்கிறது. ரசிகர் பேச்சில் லேசாக மிதப்பது ஃப்ளோட்டர், பிடுங்கி எறிவது எஜெக்டர். பி அண்ட் எம் உயரக் கோஸ்டர்கள் முதல் வகைக்கும், இன்டமின், ஆர்எம்சி இரண்டும் அடுத்த வகைக்கும் பெயர் போனவை. எனக்கு மிதப்பதுதான் பிடிக்கும், நேரம் நின்றுபோன மாதிரி இருக்கும்.

எவ்வளவு அழுத்தம் கொடுக்கலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம், ஐரோப்பாவில் ஈஎன் 13814 என்று தரநிலைகள் இருக்கின்றன. வெறும் "இத்தனை ஜி வரை" என்று அவை சொல்வதில்லை, "இத்தனை ஜி இத்தனை நொடிக்கு" என்று சொல்கின்றன. கண்ணிமைக்கும் நேரத்துக்கு உடம்பு தாங்கும் அழுத்தத்தைச் சில நொடிகள் தொடர்ந்து கொடுத்தால் மயக்கம் வரலாம்.

சில பழைய கோஸ்டர்களில் காது இரண்டும் தோள்பட்டைப் பூட்டில் மோதுகிறதே, ஏன்?

டிராக் பக்கவாட்டில் உருளும்போது, உருளும் அச்சு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. தண்டவாளத்தையே அச்சாக வைத்து உருட்டினால், அதற்கு ஒரு மீட்டருக்கும் மேலே இருக்கும் தலை ஊஞ்சல் மாதிரி வீசப்படும். பயணியின் நெஞ்சை அச்சாக வைத்து உருட்டினால் உடம்பு இருந்த இடத்தில் இருக்க, டிராக் சுற்றிலும் சுழலும். ஹார்ட்லைன் என்று பெயர், இதிலும் ஸ்டெங்கலின் பங்கு பெரிது. அதோடு, பழைய காலத்தில் குழாயை வளைப்பதில் இருந்த சின்னச் சின்னப் பிசகுகளும் சேர்ந்துகொள்ளும். இன்று கம்ப்யூட்டர் கணக்கும் துல்லியமான பட்டறை வேலையும் அந்தத் தொல்லையை வெகுவாகக் குறைத்துவிட்டன. தொண்ணூறுகளின் வெகோமா தொங்கு கோஸ்டர்களில் தலையைத் தேய்த்துக்கொண்டு இறங்கியவர்கள், அதே கம்பெனியின் இன்றைய கோஸ்டர்களில் ஏறிப் பார்க்க வேண்டும். வேறு யாரோ செய்தது போல இருக்கும்.

சங்கிலியில் இழுக்காமல் ஒரே தள்ளாக எறிகிறார்களே, அது எப்படி?

மூன்று வழிகள் பெயர் பெற்றவை.

முதலாவது ஹைட்ராலிக். நைட்ரஜன் வாயுவை எண்ணெயின் மேல் அழுத்தி வைத்திருந்து, திறந்துவிட்டவுடன் மோட்டார்கள் ஒரு பெரிய உருளையைச் சுழற்றி, கம்பிவடத்தால் டிரெயினை இழுக்கும். இன்டமின் இதில் பெரிய சாதனைகள் செய்தது. 2003-இல் ஓஹையோவின் சீடர் பாயின்ட் பார்க்கில் டாப் த்ரில் டிராக்ஸ்டர், 2005-இல் நியூஜெர்சியில் 139 மீட்டர் உயர கிங்டா கா, 2010-இல் அபுதாபியின் ஃபெராரி வேர்ல்டில் ஃபார்முலா ரோசா. ஃபார்முலா ரோசா ஐந்து நொடிக்குள் மணிக்கு 240 கிலோமீட்டரைத் தொடும், காற்றும் மணலும் கண்ணில் அடிக்கும் என்பதால் கண்ணாடி மாட்டிவிடுவார்கள். கிங்டா காவில் சில சமயம் தள்ளு போதாமல் டிரெயின் உச்சியைத் தாண்டாது பின்னாலேயே இறங்கியது உண்டு. பயணிகளுக்கு அது அதிர்ஷ்ட நாள். அதற்கென்றே டிராக்கில் பிரேக்குகள் எழும்பிக் காத்திருந்தன. ஆனால் வடம், உருளை, எண்ணெய் அழுத்தம் என்று தேயக்கூடிய பாகங்கள் ஏராளம். கிங்டா கா 2024-இல் மூடப்பட்டு, 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்கு மனசே சரியில்லை.

இரண்டாவது அழுத்தக் காற்று. ஜப்பானின் ஃபூஜி-க்யூ பார்க்கில் எஸ் அண்ட் எஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி செய்த டோ-டோடோன்பா 1.56 நொடியில் 180 கிலோமீட்டர் வேகம் எடுத்தது. ஏறியவர்களில் சிலருக்கு எலும்பு முறிந்ததாகப் புகார்கள் வர, 2021-இல் நிறுத்தினார்கள், 2024-இல் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்கள்.

மூன்றாவது காந்தம். டிராக் நெடுக மின்காந்தச் சுருள்கள், டிரெயினின் அடியில் நிலைக்காந்தத் தகடுகள். சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக உயிர்பெற்று டிரெயினை இழுத்துக்கொண்டே போகும். எதுவும் எதையும் தொடாது, அதனால் தேய்மானமும் குறைவு. மின்சாரத்தை ஒரே வீச்சில் கொட்ட வேண்டியதுதான் சிக்கல். இப்போது பெரும்பாலான புதிய லாஞ்ச் (இப்படித் தள்ளி எறியும்) கோஸ்டர்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டன. நடுவழியில் இன்னொரு தள்ளு கொடுக்கலாம், பின்னோக்கியும் தள்ளலாம்.

கரண்ட் போய்விட்டால் பிரேக் பிடிக்குமா?

பிடிக்கும். பிரேக்குகளே அப்படித்தான் வடிவமைக்கப்படுகின்றன. காந்த பிரேக்கில் நிலைக்காந்தங்களுக்கு நடுவே உலோகத் தகடு வேகமாக நுழையும்போது அந்தத் தகட்டுக்குள்ளேயே மின்னோட்டம் சுழன்று எதிர்த்து இழுக்கும். வெளி மின்சாரம் எதுவும் வேண்டாம். ஆனால் வேகம் குறையக் குறைய இழுவையும் குறையும் என்பதால் முழுதாக நிறுத்தி வைக்க உரசிப் பிடிக்கும் பிரேக்கும் தேவை. அதைப் பல இடங்களில் ஸ்பிரிங் மூடியே வைத்திருக்கும், திறக்கத்தான் காற்றழுத்தம் வேண்டும். காற்று போனால் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

ஒரே டிராக்கில் மூன்று நான்கு டிரெயின் ஓடுகிறதே, மோதிக்கொள்ளாதா?

ரயில்வே சிக்னல் முறைதான் இங்கும். டிராக்கைப் பல பிளாக்குகளாகப் பிரிப்பார்கள். ஒரு பிளாக்கில் ஒரு டிரெயின்தான் இருக்கலாம். முன்னால் உள்ளது வெளியேறியதை சென்சார் உறுதி செய்த பிறகுதான் பின்னால் உள்ளதை விடும். ஒவ்வொரு பிளாக்கின் முடிவிலும் டிரெயினை நிறுத்தக்கூடிய பிரேக்கோ, லிஃப்ட் சங்கிலியோ இருக்கும்.

அப்படியிருந்தும் 2015 ஜூன் 2 அன்று இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பார்க்கில் அந்த விபத்து நடந்தது. கெர்ஸ்ட்லாவர் செய்த ஸ்மைலர், 14 முறை தலைகீழாகப் புரட்டும் உலகச் சாதனைக் கோஸ்டர். சோதனைக்காக அனுப்பிய காலி டிரெயின் ஒன்று பாதி வழியில் நின்றுவிட்டது. பின்னால் 16 பேரோடு வந்த டிரெயினை கட்டுப்பாட்டு அமைப்பு சரியாகவே நிறுத்தியது. ஆனால் அன்று டிராக்கில் கூடுதலாக ஒரு டிரெயின் சேர்க்கப்பட்டிருந்தது, பழுது பார்த்த பொறியாளர்களுக்கு அது தெரியவில்லை. அமைப்பு தவறாக நிறுத்துகிறது என்று எண்ணி அதை மீறி டிரெயினை அனுப்பினார்கள். இரண்டு இளம்பெண்கள் கால் இழந்தார்கள். விசாரணையில் டிராக்கிலோ டிரெயினிலோ கட்டுப்பாட்டு அமைப்பிலோ குறை இல்லை என்று தெரிந்தது. வேலை செய்யும் முறைதான் பழுதாக இருந்தது. பார்க்கை நடத்திய நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம்.

கம்பெனிக்காரர்களிடம் ரசிகர்கள் உயரத்தையும் வேகத்தையும் மட்டும் கேட்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கும். "அமைப்பை மீற வேண்டிய நிலை வந்தால் எத்தனை பேர் கையெழுத்திட வேண்டும், அவர்களுக்கு யார் பயிற்சி கொடுத்தது?" என்பதையும் கேட்க வேண்டும். கோஸ்டரோடு கம்பெனி கொடுக்கும் கையேட்டில் இருக்க வேண்டிய விஷயம் அது.

தூணில் விரிசல் விட்டால் முன்கூட்டியே தெரியுமா?

தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் தினமும் காலையில் ஆட்கள் டிராக்கை நடந்து பார்க்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை டிரெயினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காந்தத் தூள், அல்ட்ராசவுண்டு முறைகளில் தேடுகிறார்கள்.

அப்படியும் தப்புவது உண்டு. 2023 ஜூன் இறுதியில் அமெரிக்காவின் கரோவின்ட்ஸ் பார்க்கில், பி அண்ட் எம் செய்த 99 மீட்டர் உயர ஃபியூரி 325 கோஸ்டரின் தூண் ஒன்று மேல்பகுதியில் முழுதாக விரிந்து, டிரெயின் போகும்போதெல்லாம் விலகி விலகிச் சேர்ந்ததை ஒரு பார்வையாளர் படம் எடுத்துக் காட்டினார். அன்றே மூடினார்கள். கம்பெனி புதிய தூண் செய்து கொடுத்தது, ஆகஸ்ட் 10 அன்று மறுபடி ஓடியது. சுமையை மற்ற தூண்களும் பகிர்ந்துகொள்ளும் வடிவமைப்பு என்பதால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பார்க்கில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு முன்னால் அங்கே இருக்கும் ஊழியரிடம் சொல்லுங்கள்.

கோஸ்டர் செய்த கம்பெனி மூடிவிட்டால்?

நடந்திருக்கிறது, அதுவும் பெரிய பெயர்களுக்கு. 1959-இல் டிஸ்னிலாந்தின் மேட்டர்ஹார்ன் கோஸ்டரில் குழாய் எஃகு டிராக்கை அறிமுகப்படுத்தி இந்தத் தொழிலையே மாற்றிய ஆரோ கம்பெனி 2001-இல் திவாலானது. எஸ் அண்ட் எஸ் அதை வாங்கியதால் வரைபடங்கள் பிழைத்தன. ஷ்வார்ஸ்காஃப் கம்பெனியும் எண்பதுகளில் நொடித்தது. ஜியோவனோலா 2000, 2001 ஆண்டுகளில் கோலியாத், டைட்டன் என்ற இரண்டு பெரிய கோஸ்டர்களைக் கட்டிவிட்டு மறைந்துபோனது. அவை இரண்டும் கம்பெனிக்குப் பின்னும் ஓடின.

இப்படிப்பட்ட நிலையில் இன்னொரு கம்பெனி கைகொடுக்கும். ஜப்பானின் ஸ்டீல் டிராகன் 2000, மோர்கன் கம்பெனி கட்டிய 2,479 மீட்டர் நீள கோஸ்டர். 2013-இல் அதற்குப் புது டிரெயின்கள் செய்து கொடுத்தது பி அண்ட் எம். எல்லா ஒட்டும் அவ்வளவு சுலபமாக ஒட்டாது. மேலே சொன்ன டாப் த்ரில் டிராக்ஸ்டரிலிருந்து 2021-இல் ஓர் உலோகத் துண்டு கழன்று பறந்து வரிசையில் நின்ற பெண்ணின் தலையில் பட்டது. இன்டமின் கட்டிய அந்தக் கோஸ்டரை ஸாம்பெர்லா காந்த லாஞ்ச் வைத்து டாப் த்ரில் 2 என்று மாற்றியது. 2024 மே மாதம் திறந்து, சில நாட்களிலேயே டிரெயின் கோளாறால் நின்று, அந்தப் பருவம் முழுக்கப் போய், அடுத்த ஆண்டுதான் மறுபடி ஓடியது.

பழைய மரக் கோஸ்டரை இடித்துத்தான் ஆக வேண்டுமா?

ஆர்எம்சி வந்த பிறகு அந்தக் கட்டாயம் இல்லை. மரச் சட்டகத்தில் பெரும்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே 'ஐ' வடிவ எஃகுத் தண்டவாளத்தைப் பதிப்பார்கள். 2011-இல் டெக்சாஸில் நியூ டெக்சாஸ் ஜயன்ட்தான் முதல் முயற்சி. 2018-இல் சீடர் பாயின்டில், ஆட்டி எடுக்கிறது என்று எல்லோரும் திட்டிய மீன் ஸ்ட்ரீக் என்ற மரக் கோஸ்டர், தலைகீழாகவும் புரளும் ஸ்டீல் வெஞ்சன்ஸாக மாறியது. அதற்கப்புறம் நின்ற வரிசை மணிக்கணக்கில்.

பெரிய கோஸ்டர்கள் ஏன் எல்லா பார்க்குக்கும் வருவதில்லை?

விலை. 2000-இல் சீடர் பாயின்டின் மில்லேனியம் ஃபோர்ஸுக்கு 2.5 கோடி டாலர் ஆனது. விலைக்கு அடுத்து பார்க் பார்ப்பது ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் ஏற முடியும் என்பது. 32 பேர் உட்காரும் டிரெயினை 90 நொடிக்கு ஒன்று அனுப்பினால் மணிக்கு 1,280 பேர். ஏற்றி இறக்குவதில் அரை நிமிடம் தாமதித்து 120 நொடியானால் 960-தான். பூட்டு எத்தனை சீக்கிரம் மாட்டலாம், பையை எங்கே வைப்பது என்பதற்கெல்லாம் கம்பெனிகள் இவ்வளவு மெனக்கெடுவது இதனால்தான்.

உயர வரம்பில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் விடக்கூடாதா?

கூடாது. அந்த எண் அந்தப் பூட்டு, அந்த இருக்கை, அந்தக் கோஸ்டரின் அழுத்தங்களைக் கணக்கிட்டு வைத்தது. வாசலில் நிற்கும் ஊழியரோடு சண்டை போடாதீர்கள், குழந்தை அடுத்த வருடம் வளர்ந்துவிடும்.

இந்தக் கம்பெனிகளில் வேலைக்குச் சேர என்ன படிக்க வேண்டும்?

மெக்கானிக்கல், ஸ்ட்ரக்சுரல், எலெக்ட்ரிக்கல் மூன்றுக்குமே இடம் உண்டு. கட்டுப்பாட்டு அமைப்பும் பிஎல்சி (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கம்ப்யூட்டர்) புரோகிராமிங்கும் தெரிந்தவர்களுக்கு இன்னும் நல்லது. நோலிமிட்ஸ் என்ற கோஸ்டர் வடிவமைக்கும் மென்பொருளை ரசிகர்கள் மட்டுமல்ல, தொழிலில் இருப்பவர்களும் பயன்படுத்துகிறார்கள், வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பழகலாம். ஜெர்மன் கற்றுக்கொண்டால் வீண்போகாது. ஆனால் நான் முதலில் சொல்வது, பக்கத்தில் உள்ள பார்க்கின் பராமரிப்புப் பிரிவில் ஒரு பருவமாவது வேலை செய்யுங்கள் என்பதுதான். தேய்ந்த சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவருக்கு அதை எங்கே வைத்திருக்க வேண்டும் என்பது வரைபடத்திலேயே தெரியும்.

கம்பெனிக்காரர்களை நேரில் பார்க்க வேண்டுமென்றால், நவம்பர் மாதங்களில் அமெரிக்காவின் ஓர்லாண்டோவில், பார்க் தொழிலின் சங்கமான ஐஏஏபிஏ நடத்தும் கண்காட்சியில் எல்லோரும் கடை விரித்திருப்பார்கள். தொழிலில் இருப்பவர்களுக்கான கண்காட்சி அது, அதனால் பார்க்கில் வேலை செய்யும் அனுபவம் அங்கேயும் கைகொடுக்கும். எனக்கு அங்கே போக வாய்த்தால் உயரத்தைப் பற்றிக் கேட்க மாட்டேன். "நீங்கள் விற்ற முதல் கோஸ்டர் இன்று எங்கே ஓடுகிறது, அதன் உதிரிபாகத்தை இன்றும் செய்து கொடுக்கிறீர்களா, கடைசியாக அங்கே உங்கள் ஆள் போய்ப் பார்த்தது எப்போது?" என்ற மூன்றையும்தான் கேட்பேன்.